அத்தானைக் கழற்றி மாட்டிய கதை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத நினைத்தது காதல் கதை. அக்காவின் கணினியில் தட்டச்சு செய்யலாம் என்று போனேன். அது தொடங்கும், மின்விசிறி இரையும், திரையில் வட்டம் சுற்றும், அணையும். மறுபடி தொடங்கும். காதலை ஓரமாக வைத்துவிட்டேன்.

(முதலில் ‘கணினியும் மனிதனைப் போலத்தான், அதற்கும்...’ என்று ஆரம்பித்தேன். எனக்கே சகிக்கவில்லை.)

2.

அக்கா அச்சக வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே புத்தக வடிவமைப்பு தொடங்கியிருக்கிறாள். முதல் வேலை ஒரு சிறுவர் புத்தகம். பக்கங்கள் எல்லாம் கணினிக்குள் மாட்டிக்கொண்டன. சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். வெளியே மழை.*

“அப்பவே சொன்னேன், வேலையை விடாதேன்னு,” என்றார் அத்தான்.

அக்கா திருப்புளியை எடுத்தாள்.

3.

அவள் முறை எளிது. ஒன்றைக் கழற்ற வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும். நினைவகத் தகடான ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். அணைந்தது. பிரிண்டர் வயரைப் பிடுங்கினாள். அணைந்தது.

நானும் அப்படியே கதையைக் கழற்றிப் பார்த்தேன். மழையை எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. அத்தானை எடுத்தேன். அப்பாடா, என்ன நிம்மதி.

* மழை பெய்யவே இல்லை. சோகத்துக்காக நான் வரவழைத்தது.

4.

மேசைக்கடியில் இருந்த கணினிப் பெட்டியின் முகப்பில், அணைத்து மறுபடி தொடங்க வைக்கும் ரீசெட் பொத்தானுக்கு மேல், ஒரு மடித்த அட்டையை வைத்து டேப் ஒட்டியிருந்தது.

“இது என்னக்கா?”

“உங்க அத்தான் முட்டி பட்டுப் பட்டு அணைஞ்சுட்டே இருந்துச்சு. அதான் மூடி வச்சேன்.” சொல்லிக்கொண்டே அட்டையைத் தொட்டவள் நிறுத்தினாள்.

காவலுக்கு வைத்த அட்டை தளர்ந்து பொத்தான்மேல் இறங்கியிருந்தது. மின்விசிறி சுழன்று பெட்டி அதிரும்போதெல்லாம் அதுவே பொத்தானை அழுத்தியிருக்கிறது.

முட்டி இல்லாமல் அட்டை ஏது? வேறு வழியில்லாமல் அத்தானைத் திரும்பக் கதையில் மாட்டினேன். வந்த மனிதர் மேசைக்கடியில் குனிந்தார்.

“டார்ச்சை நான் பிடிக்கிறேன், நீ பாரு,” என்றார்.

இந்த வசனம் என் திட்டத்தில் இல்லை.

5.

அட்டையைப் பிய்த்தாயிற்று. என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் பக்கங்கள் போய்ச் சேர்கின்றன. மற்றதில் திரை கறுத்து, அக்கா மெல்ல...

“அதை எழுதாதடி,” என்றாள் அக்கா. “அணைஞ்சா அடுத்ததைக் கழட்டுவேன். அவ்வளவுதான்.”

கணினியைப் போட்டாள். மின்விசிறி இரைகிறது. வட்டம் சுற்றுகிறது. வழக்கமாக அணையும் இடம் இதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா மூடவில்லை.

நீங்களும் மூடாதீர்கள். திரையில் என்ன தெரிகிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.