உள் மடிப்பு

அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. அதனால்தான் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்த அன்று நானும் வகுப்பு வாசலில் போய் நின்றேன். சும்மா போகவில்லை, சந்தேகத்தோடு போனேன்.

முந்தின வாரம் தையல்நாயகி டீச்சர் வீடு தேடி வந்தாள். "உங்க நீலாம்பாளுக்கு எழுத்துக் கூட்டக்கூட வரலைங்க. இன்னொரு வருஷம் நாலாவதுலயே இருக்கட்டும். ஹெட்மாஸ்டர் எல்லாருக்கும் பாஸ் போடச் சொல்றாரு. போடலன்னா என்னை மாகறல் கிராமத்துக்குத் தூக்கி அடிச்சுடுவாங்களாம்" என்றாள். நான் நம்பவில்லை. பட்டுச் சேலை ஏதாவது எதிர்பார்க்கிறாளோ என்று நினைத்தேன்.

வகுப்பில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். என் மகள் எழுந்து, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, யானைப் பாடத்தைக் கடகடவென்று வாசித்தாள். ஹெட்மாஸ்டர் ஆதிகேசவனுக்கு முகமெல்லாம் பல். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. டீச்சர் புளுகியிருக்கிறாள்!

ஆனால் நாற்பது வருஷம் சேலை நெய்தவன் நான். விவரம் தெரிந்தவன் மேல் மடிப்பைப் பார்த்துச் சேலை வாங்கமாட்டான். உள் மடிப்பை இழுத்துப் பிரிப்பான். கை சும்மா இருக்கவில்லை. உள்ளே போய், புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினேன்.

"இதைப் படிமா."

"யானை மிகப் பெரிய விலங்கு..."

எனக்கு எழுத்து தெரியாது. படம் தெரியும்.

"இது படகாச்சே! யானை எங்க குந்திக்கினு இருக்குது?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நீலாம்பாளும் சிரித்தாள்.

"யாருய்யா நீ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இவளோட நைனா சார். இவளுக்கு ஃபெயில் போடுங்க."

"பாஸ் போடச் சொல்லித்தான்யா எல்லாரும் வருவாங்க!"

"போட்டீங்களே, என் பெரிய புள்ள குமாரவேலுக்கு! அஞ்சாவது பாஸ். மெட்ராஸ் போறேன்னு கெளம்பி, பஸ் போர்டைப் படிக்கத் தெரியாம வந்தவாசியில போய் எறங்கினான்."

ஹெட்மாஸ்டர் முந்திக்கொண்டார். "டீச்சர் சரியா சொல்லித் தரல சார்."

தையல்நாயகி என் பக்கம் திரும்பினாள். "வாரத்துல மூணு நாள் பொண்ணைத் தறியில கரை நெய்ய நாடா தள்ள உக்கார வெச்சுக்கிறீங்க. காலி இடத்துக்கா நான் பாடம் நடத்தறது?"

அவள் சொன்னது நிஜம்தானே.

"சரிமா. நாளையிலேர்ந்து வந்தவாசிக்காரன் தள்ளட்டும். ஆனா சார், இந்தம்மாவை மாகறலுக்கு அனுப்பினீங்க, எங்க தெருவே வந்து உங்க ஆபீஸ்ல குந்திக்கும்."

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதி, உரக்கப் படித்தார்: "நீலாம்பாள் நான்காம் வகுப்பிலேயே தொடரலாம். ஆசிரியையும் இங்கேயே தொடரலாம்."

போகும் வழியில் பூந்தி வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தேன்.

"எதுக்குப்பா பூந்தி?" என்றான் பக்கத்து வீட்டு வேலாயுதம்.

"பொண்ணு ஃபெயில்!"

"உனக்குப் பித்து புடிச்சுக்கிச்சா?" என்று கேட்டபடியே இரண்டாவது கையையும் நீட்டினான்.

தை அமாவாசையன்று நீலாம்பாள் புத்தகத்தைக் கொண்டுவந்து, தானே நடுவில் பிரித்து, விரல் வைத்து, எழுத்தெழுத்தாக நகர்ந்து, முழுப் பக்கத்தையும் படித்து முடித்தாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இருந்தாலும் வேலாயுதத்தைக் கூப்பிட்டு, மறுபடி படிக்கச் சொல்லிக் காட்டினேன். சரி என்றான். அவனை எப்படி நம்புவது? அவன் பெண்டாட்டி மங்கையர்க்கரசியையும் கூப்பிட்டேன்.

சரிதானாம்.