ஆறாம் வரிசை, வழியோர இருக்கை

தைவானின் தாவ்யுவான் விமான நிலையத்தில் கவுன்ட்டர் திறக்க இன்னும் நேரம் இருந்தது. யூச்சின் பெட்டியை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குக்கர் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. மூடியில் ஒட்டியிருந்த வில்லையின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. பெட்டி எங்கேயாவது பலமாக இடிபட்டால் அந்தப் புள்ளி சிவந்துவிடும். ஒரு தடவை சிவந்தால் சிவந்ததுதான்.

"உள்ள என்னண்ணே இருக்கும்?" என்றாள்.

பக்கத்து நாற்காலியில் ஆபாவ் சோற்றுருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தார். முன்னே தாய்பேயில் டாக்ஸி ஓட்டியவர். இப்போது வேறொரு கம்பெனிக்காக அவரும் பெட்டி தூக்குகிறார். ஏதாவது தொழிற்சாலையில் எந்திரம் நின்றுபோனால், உதிரிபாகத்தைச் சரக்கில் போட்டுவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க அவர்களால் முடியாது. ஒரு ஆளின் கையில் கொடுத்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அந்த ஆட்கள்தான் இவர்கள். நடைக்கு இவ்வளவு என்று கூலி.

"எனக்கென்னம்மா தெரியும்? என் பெட்டிக்குள்ள எங்க மாமியாரே இருந்தாக்கூட நான் திறந்து பாக்க மாட்டேன்."

"நாலு வருஷமா தூக்கறேன். ஒரு தடவையாவது உள்ள என்னன்னு பாத்திருப்பேனா? உங்களுக்கு அந்த ஆசையே வந்ததில்லையா?"

"நீ பொறந்தப்பவே ஏன்னு கேட்டுட்டுத்தான் அழுதிருப்ப," என்றார் ஆபாவ்.

அவர் சொன்னதில் தப்பில்லை. யூச்சினுக்கு எதையும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. வரிசையில் முன்னால் நிற்பவரின் பையில் ஏன் இரண்டு பூட்டு, பின்சீட்டுப் பெண் ஏன் அழுதாள், விமானத்தின் சன்னலில் அந்தச் சின்ன ஓட்டை எதற்கு, எல்லாம் வேண்டும். முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையிலும் அப்படித்தான். சர்க்யூட் பலகையில் பற்றவைத்துக்கொண்டே, இது எந்த நாட்டில் எந்த வீட்டுக்குப் போகும் என்று சூப்பர்வைசரை நச்சரிப்பாள். அந்தத் தொழிற்சாலையைப் பூட்டி எந்திரங்களையெல்லாம் வியட்நாமுக்கு ஏற்றிக்கொண்டு போனபோது அவளுக்கு நாற்பத்து நாலு வயது. அதற்கப்புறம் இந்த வேலைக்குத் தவிர வேறு எதற்கும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அதுவரை விமானத்தையே பார்த்திராதவளுக்கு இரண்டே வருஷத்தில், அடிக்கடி பறப்பவர்களுக்கு விமானக் கம்பெனி தரும் கோல்டு கார்டு வந்தது. வாரத்தில் நாலு நாள் பறக்கிறாளே, வராமல் என்ன செய்யும்? அந்தக் கார்டால் அவளுக்கு ஒரே ஒரு பிரயோஜனம்தான். ஆறாம் வரிசை வழியோர இருக்கையைச் சும்மா எடுத்துக்கொள்ளலாம். கால் நீட்டி உட்கார அல்ல, ஓட. ஜப்பானின் குமமோட்டோ விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு இரண்டே குடியேற்றக் கவுன்ட்டர். முதலில் இறங்கி ஓடினால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் வெளியே வந்துவிடலாம். கடைசியில் இறங்கினால் நின்று நின்று கால் வீங்கிப்போகும். வெளியே தொழிற்சாலை ஆள் கடிகாரத்தோடு நிற்பார். இந்த வருஷம் அவள் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். முதல் முறை பனிமூட்டம், அடுத்த முறை சூறாவளி. இரண்டும் அவள் பெயரில்தான் ஏறின. இன்னொரு முறை ஆனால் நிறுத்திவிடுவோம் என்று, வேலை ஒதுக்கும் ஹுங் சொல்லிவிட்டார்.

கவுன்ட்டர் திறந்ததும் வழக்கம்போலப் பெய்ஜு இருந்த பக்கம் போனாள். பெய்ஜு விமானக் கம்பெனியின் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவள். சீருடை மட்டும் விமானக் கம்பெனியுடையது.

"வாங்கக்கா. ஆறு சி தானே?" என்று தட்டியவள் நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். "அக்கா, காசு கேக்குதுக்கா."

"எது?"

"சிஸ்டம். இன்னைலேருந்து ரூல் மாத்திட்டாங்க. ரொம்ப மலிவு டிக்கெட்டுன்னா கோல்டு மெம்பரா இருந்தாலும் முன்வரிசைக்குக் கட்டணும். பின்னாடின்னா சும்மாவே எடுத்துக்கலாம்."

யூச்சின் எட்டித் திரையைப் பார்க்க முயன்றாள். "எவ்வளவு?"

பெய்ஜு சொன்ன தொகை இன்றைய நடைக்கூலியில் ஏறக்குறையப் பாதி. யூச்சின் ஒதுங்கி நின்று ஹுங்குக்குப் போன் போட்டாள்.

"கோல்டு கார்டு என்னாச்சு?" என்றார் ஹுங்.

"கார்டு பத்திரமா இருக்கு சார். நீங்க எடுத்த டிக்கெட்டுதான் மலிவாம். அதுக்கு இந்தக் கார்டு செல்லாதாம். கம்பெனி கட்டுமா?"

"கம்பெனி ஏன் கட்டணும்? கார்டு உன் பேருல, மைல் உன் பேருல. கம்பெனி டிக்கெட்டுல நீ மைல் சேக்கறியே, நான் என்னைக்காவது வாயத் திறந்தேனா?"

"அந்த மைலுக்குக் கிடைக்கற இலவச டிக்கெட்ட வச்சு நான் எந்த ஊரச் சுத்திப் பாத்தேன்? லீவு குடுத்தாத்தானே போறதுக்கு!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நேரத்துக்குக் கொண்டுபோய்க் குடு. நீ கட்டுவியோ கட்டாம ஓடுவியோ, உன் இஷ்டம்."

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் கணக்கு தெளிவாகத்தான் இருந்தது. பாதிக் கூலி போனால் இன்றோடு போச்சு, வேலை போனால் எல்லாம் போச்சு. கவுன்ட்டருக்குத் திரும்பி வந்து பர்ஸைத் திறந்தாள்.

"கொஞ்சம் இருங்கக்கா," என்றாள் பெய்ஜு. அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "முதல் வரிசைய கைக்குழந்தைக்காரங்களுக்காகப் பூட்டி வச்சிருக்கோம். இன்னைக்கு லிஸ்ட்டுல கைக்குழந்தை யாரும் இல்ல. கவுன்ட்டர் மூடறப்ப அதை எங்க இஷ்டத்துக்குத் திறந்து குடுக்கலாம். நாங்க எப்பவும் செய்யறதுதான், யாரும் கேக்க மாட்டாங்க. கடைசியா வாங்க, போட்டுத் தரேன்."

"உனக்கு ஒண்ணும் பிரச்சினை வராதே?"

"ஆறாவதவிட முதல் வரிசை இன்னும் கிட்டக்கா. கதவத் திறந்ததும் நீங்கதான்."

யூச்சின் அப்படியே பூரித்துப்போனாள். அதுவரை இருந்த எரிச்சல் ஒரு நொடியில் கரைந்தது போலிருந்தது. அவள் நீட்டிய, டீயில் வேகவைத்த முட்டைப் பொட்டலத்தை, கேமரா இருக்கிறது என்று பெய்ஜு வாங்கவில்லை. முப்பதாம் வரிசை சீட்டோடு நின்ற ஆபாவ், "போங்க மகாராணி, போங்க. நான் மாட்டுக்கொட்டாயில ஏறிக்கறேன்," என்று கும்பிடு போட்டார்.

அவசரத்தில் மூன்று பேருக்குமே ஒரு விஷயம் தோன்றவில்லை.

விமானத்தின் கதவை மூடியபோதுதான் அது வெளிப்பட்டது. யூச்சின் பெட்டியைக் கால்களுக்கு நடுவே இறுக்கி வைத்திருந்தாள். எதிரே சுவர். பணிப்பெண் குனிந்து, "மேடம், முதல் வரிசையில கீழ எதையும் வைக்கக் கூடாது. மேல வச்சிடட்டுமா?" என்றாள்.

யூச்சின் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நாலு வருஷமாக ஆறாம் வரிசையில் உட்கார்ந்து, முன்சீட்டுக்கு அடியில் பெட்டியைச் செருகியே பழகியவள் அவள். முன்னால் சீட்டே இல்லாத வரிசையில் எங்கே செருகுவது?

"மேல முடியாதும்மா. இது கையவிட்டுப் போகக் கூடாது, கம்பெனி உத்தரவு." போன மாதம் ஒரு ஆள் மேலே வைத்தான். எவனோ ஒருவன் தன் சூட்கேஸை அதன் மேல் தள்ள, புள்ளி சிவந்துவிட்டது. சாமானின் முழு விலையையும் அவன் தலையில் கட்டினார்கள். வீட்டை விற்றாலும் அந்தக் கடன் அடையாது.

"அப்ப வேற வரிசைக்குத்தான் மாறணும்."

யூச்சின் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டிலிருந்து எட்டாம் வரிசை வரைக்கும் ஒரு ஆள் இல்லை. சீட்டுப் பட்டைகள் மடித்து வைத்தபடியே கிடந்தன. ஆறு சி-யும் காலி.

"அதோ, அங்க உக்காந்துக்கறேன்."

"அது காசு கட்டற வரிசை மேடம்."

"கட்டறேன். இப்பவே கட்டறேன்." பர்ஸை எடுத்துவிட்டாள்.

"இப்ப கட்ட முடியாது. கதவு மூடினதும் விற்பனையும் மூடிடும்."

"விக்கவும் மாட்டீங்க, உக்காரவும் விட மாட்டீங்கன்னா அது யாருக்காகம்மா இருக்கு?" அவள் சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

பணிப்பெண் தயங்கினாள். "சும்மா உக்கார விட்டா, காசு குடுத்து உக்காந்தவங்க புகார் பண்ணுவாங்க."

"காசு குடுத்து உக்காந்தவங்க எங்க?"

இருவரும் சேர்ந்து காலி வரிசைகளைப் பார்த்தார்கள். பணிப்பெண்ணுக்கு முகம் சிவந்தது. அவளுக்கு இருபத்து மூன்று வயதுகூட இருக்காது. "எனக்குத் தெரியல மேடம். நான் விட்டேன்னா என் பேருல எழுதிடுவாங்க," என்றாள் மெதுவாக.

ஒன்பதாம் வரிசையிலிருந்து ஒரு சுற்றுலாக் கூட்டம். யூச்சின் எழுந்து போய், வழியோரத்தில் இருந்த கிழவரிடம் இடம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கெஞ்சினாள். அவர் மனைவியைக் காட்டித் தலையாட்டினார். அதற்குள் விமானம் நகரத் தொடங்கிவிட்டது. நிற்கக் கூடாது, முப்பதாம் வரிசையில் ஒரு இடம் இருக்கிறது, உடனே போங்கள் என்று பணிப்பெண் முதுகைத் தொட்டு நகர்த்தினாள்.

ஆபாவ் பக்கத்தில் வந்து விழுந்தவளைப் பார்த்து ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அட கடவுளே, கால் வைக்கற எடம்! எனக்கும் தோணலையே," என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

"பேசாம கவுன்ட்டர்லயே அந்தப் பொண்ணுகிட்டக் காசக் கட்டியிருக்கலாம். பர்ஸத் திறந்துட்டேண்ணே."

"இறங்கறப்ப எல்லாரையும் கேட்டுக்கிட்டே முன்னாடி ஓடு. நான் பின்னாடியிருந்து கத்தறேன், ஏதோ உடம்பு சரியில்லன்னு."

விமானம் இறங்கி நின்றதும் கத்தத்தான் செய்தார். ஆனால் வழி முழுக்கச் சூட்கேஸ் இறக்கும் முதுகுகள். சுற்றுலா வழிகாட்டி கொடியைத் தூக்கிப் பிடித்து ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். யூச்சின் பெட்டியை மார்போடு அணைத்து ஆறாம் வரிசைக்கு வந்து சேர்ந்தபோது வரிசை அங்கேயே நின்றுவிட்டது. ஆறு சி-யின் தலையணை உறைகூடக் கசங்கவில்லை. அவள் அதன் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

குடியேற்றக் கவுன்ட்டரில் அன்றைக்கு இரண்டில் ஒன்றுதான் திறந்திருந்தது.

அவள் வெளியே வந்தபோது தொழிற்சாலைப் பொறியாளர் ஹிரயாமா தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். ஓடி வந்து குனிந்து பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். வெள்ளைப் புள்ளியைப் பார்த்தார். முகம் தெளிந்தது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தெரிந்த கொஞ்சம் சீனத்தில், "நீங்க ஓடி வந்தீங்க. நான் பாத்தேன்," என்றார். ஒப்புகைச் சீட்டில், அவள் தாமதமாக வந்த நேரத்தையே உள்ளபடி எழுதினார். எழுதிவிட்டு முன்னைவிட ஆழமாகக் குனிந்தார். அவளும் குனிந்தாள். வேறென்ன செய்வது?

"உள்ள என்ன இருக்குன்னு மட்டும் சொல்றீங்களா?"

"மன்னிக்கணும். சொல்லக் கூடாது," என்றார் ஹிரயாமா. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ஆபாவ் தன் பெட்டியோடு ஓயித்தா ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். பஸ் படியில் ஏறியும் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஹுங்கிடமிருந்து போன் வந்தது. இந்த முறை அவர் குரலில் அதட்டல் இல்லை.

"மேல சொல்லிப் பாத்தேன் யூச்சின். கேக்கல. அடுத்த வாரத்துலேருந்து உன்னக் கூப்பிட முடியாது."

"முன்னாடி ஏழு வரிசை காலியா வந்துச்சு சார்."

"ம். அத நான் அவங்ககிட்டச் சொல்ல முடியுமா, சொல்லு?"

சொல்ல முடியாதுதான். அவளுக்கும் தெரிந்திருந்தது.

ஊர் திரும்பும் மாலை விமானத்துக்குக் கவுன்ட்டரில் நின்றபோது அங்கிருந்த பெண் அவள் கார்டைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றாள். "உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். தைவானுக்குச் சுற்றுலா போற பள்ளிக்கூடப் பிள்ளைங்க நிறைய. அவங்கள ஒரே இடமா உக்கார வைக்கணும். அதனால நீங்க முன்னாடி மாறிக்க முடியுமா? ஆறு சி."

"எவ்வளவு?"

"ஐயோ, காசெல்லாம் வேண்டாம். எங்களுக்காகத்தானே மாறறீங்க. கோல்டு மெம்பர் வேற."

யூச்சின் தலையாட்டினாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அந்தப் பெண்ணிடம் காட்டி என்ன ஆகப்போகிறது?

வழி முழுக்க அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். தாவ்யுவானில் இறங்கிக் கதவு திறந்ததும் பணிப்பெண் அவள் பக்கம் வந்து, "கோல்டு மெம்பர் முதல்ல," என்று கையைக் காட்டினாள். யூச்சின் எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் பின்னால் சீருடைப் பிள்ளைகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் முதலில் நின்ற பையன், அவள் போகட்டும் என்று பையைப் பிடித்துக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தான். அவனுக்குப் பின்னால் மொத்த விமானமும் காத்திருந்தது.

"நீங்க போங்கப்பா," என்று அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல."

பாஷை அவர்களுக்குப் புரிந்திருக்காது. கால் மடங்கியதைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். ஒவ்வொருவராகத் தலை குனிந்து அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஓடினார்கள்.