தட்டினால் வரும் சத்தம்

“இது சரியில்லைங்க. காலியா சத்தம் வருது,” என்றார் அவர், அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்த டைலை விரல் முட்டியால் தட்டிவிட்டு.

“காலியா சத்தம் வந்தா நல்லதுதானே?” அப்போதுதான் ஓவனிலிருந்து எடுத்த ரொட்டியைத் திருப்பி, அதன் அடியைத் தட்டிக் காட்டினேன். “இப்படிக் கேட்டாத்தான் உள்ளே வெந்திருக்குன்னு அர்த்தம்.”

“எங்க வேலையில பசை பிடிக்கலைன்னு அர்த்தம். பெயர்த்துட்டு மறுபடி ஒட்டணும்.”

“அப்போ என் ரொட்டியையும் பெயர்ப்பீங்களா?”

“உங்க ரொட்டியை நான் தொடவே மாட்டேங்க.”

இது நடந்தது டைல்ஸ் மேஸ்திரி எங்கள் பேக்கரிக்கு வேலைக்கு வந்த முதல் நாள். அந்தக் கடைசி வாக்கியம் மூன்று நாள் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. நான்காம் நாள்தான் விஷயம் தெரிந்தது. கோதுமை மட்டுமல்ல, அவருக்கு எந்தத் தானியமும் ஒத்துக்கொள்ளாதாம். எங்கள் கண்ணாடி அலமாரியில் அவர் சாப்பிடக்கூடிய பொருள் ஒன்றுகூட இல்லை.

இன்றோடு வேலை முடிகிறது. ஜன்னலுக்குக் கீழே ஒரே ஒரு டைல்தான் பாக்கி. நாளை முதல் அவர் இங்கே வரக் காரணம் எதுவும் இல்லை. மனைவியை இழந்து ஆறு வருடமான அந்த மனிதரிடம் என்னைக் கல்யாணம் செய்துகொள்வாரா என்று கேட்க ஒரு மாதமாக வாயைத் திறந்து திறந்து, “டீ போடட்டுமா?” என்று மூடியிருக்கிறேன். அதனால் ஒரு திட்டம் வைத்திருந்தேன். தேங்காய் மாவில் ஒரு கேக். அவர் முதல் துண்டைச் சாப்பிட்டதும் கேட்டுவிடுவது.

“கேக் சரியா வரலைன்னா?” என்றாள் என் அக்கா, பன்களுக்கு முட்டை பூசியபடி.

“இருபது வருஷமா கேக் போடறேன், எனக்கு வராதா?”

வரவில்லை. மைதா எவ்வளவோ அதே அளவு தேங்காய் மாவைக் கொட்டினேன். அது பாலைக் குடித்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், அதையும் குடித்துவிட்டு என்னையே பார்த்தது. பழக்க தோஷத்தில் நன்றாக அடித்து ஓவனுக்குள் தள்ளினேன். வெளியே வந்தது கேக் இல்லை, செங்கல்.

மேஸ்திரி கை கழுவிக்கொண்டு வந்து அதைத் தட்டிப் பார்த்தார். “காலியாவும் இல்லை, கெட்டியாவும் இல்லை. இதுல சத்தமே வரலையே.”

“சுவத்துல ஒட்டிக்கோங்க மாப்பிள்ளை,” என்றாள் அக்கா.

இவள் எப்போது இவரை மாப்பிள்ளையாக்கினாள்? நான் முறைத்தேன். அவர் காது மட்டும் சிவந்தது.

மாவுப் பையில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை அவர் நகத்தால் மெல்ல உரித்தார். அதற்கடியில்தான் குறிப்பு இருந்தது. மைதாவின் அளவில் கால் பங்கு போதும், முட்டை அதிகம்.

இரண்டாம் முறை அப்படியே கலந்தேன். நீர்க்கத் தெரிந்தது. என் கை தானாக மாவுப் பைக்குப் போனது.

“இருங்க முதலாளியம்மா. கை வைக்காதீங்க,” என்றார். “எங்க பசையும் இப்படித்தான். கலந்துட்டு பத்து நிமிஷம் சும்மா விடணும். அது தானா குடிச்சு இறுகும். அவசரப்பட்டு இன்னும் கொட்டினா எல்லாம் கெட்டுடும்.”

“பத்து நிமிஷம் என்ன பண்றது?”

“ஒண்ணும் பண்ணக் கூடாது. அதுதான் கஷ்டம்.”

அக்கா திடீரென்று முன்பக்கம் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் கிண்ணத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றோம். அவர் நகத்தோரம் வெள்ளைப் பசை, என் நகத்தோரம் வெள்ளை மாவு. பார்த்தால் ஒரே வேலை செய்பவர்கள் மாதிரி இருந்தது.

“இறுகுது பாருங்க,” என்றார் கிண்ணத்தைச் சாய்த்து. “இந்தத் தடவை வந்துடும்.”

“வரலைன்னா?”

“வரலைன்னாலும் சாப்பிடுவேன். ஒன்பது வாரமா எல்லாத்தையும் வாசனை மட்டும் பிடிச்சிட்டுப் போயிருக்கேன்.”

அவர் சொல்லிவிட்டு ஜன்னலுக்குக் கீழிருந்த அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கேக் வேகும் வரை, ஆறும் வரை, அவர் சாப்பிடும் வரை காத்திருந்தால் என் வாய் மறுபடி டீயில் போய் நின்றுவிடும் என்று தெரிந்தது.

“மேஸ்திரி.”

“சொல்லுங்க.”

“கேக் எப்படி வேணா வரட்டும்,” என்றேன். “நீங்க என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”