நாலாவது பாகத்துக்கு ஒரு வக்கீல்

கண்ணாடிக்கடை அக்கா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். மூக்குக் கண்ணாடி விற்கும் கடை. வருகிறவர்களின் கண் முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அதே தோரணையில் பேசப் பழகிவிட்டவள். மேல் அலமாரியில் இருந்த ஃப்ரேம்களை எடுக்க ஒருநாள் ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்து, இறங்கி நடமாடவே கூடாது என்று சொல்லி, இரண்டு கட்டில் போட்ட ஓர் அறையில் படுக்க வைத்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சர். வண்டியைப் பின்னால் எடுப்பது எப்படி என்று ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க, காருக்குப் பின்னால் நின்றுகொண்டு "வாங்க, வாங்க" என்று கைகாட்டியிருக்கிறாள். அவர் நிஜமாகவே வந்துவிட்டார். இப்போது அவள் காலைக் கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

முதல் நாள் இரண்டு பேரும் வலியைப் பற்றியும் ஆஸ்பத்திரி டீயைப் பற்றியும் பேசினார்கள். இரண்டிலும் ஒத்துப்போனார்கள். மறுநாள் காலை கண்ணாடிக்கடை அக்காவின் போன் அடித்தது.

டீச்சர் தலையைத் திருப்பினாள். "அது கல்மரக் காடு மியூசிக்தானே? நாலாவது பாகம்?"

அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. போனை எடுக்கக்கூட மறந்துவிட்டாள். 'கல்மரக் காடு' ஆறு பாகமாக வந்த மாயாஜாலப் படம். மரமெல்லாம் கல்லாகிப் போன ஒரு காட்டுக்குள் அண்ணனும் தங்கையும் தங்கள் அப்பாவைத் தேடிப் போகிற கதை. அக்கா ஒவ்வொரு பாகத்தையும் எத்தனை முறை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் பேச ஆள் இல்லை. கணவன் படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே குறட்டை விடுவான். தங்கை, "இந்த வயசுல உனக்கு ஏன்டி பேய், ஓநாய் எல்லாம்?" என்பாள். வருடக்கணக்கில் பேசாத பேச்செல்லாம் அவள் நெஞ்சில் அடைத்துக்கொண்டு கிடந்தது.

"ஆமாங்க! நீங்களும் பார்ப்பீங்களா?" என்றாள்.

"பார்க்காம? ஆறும் பார்த்திருக்கேன். அந்த நாலாவதுல மியூசிக் ஒண்ணுதான் தேறும். மத்தபடி அது ஒரு படமா? ஆத்துல போறாங்க, போறாங்க, போய்க்கிட்டே இருக்காங்க. ஆறு படத்துலயும் அதுதான் படுமட்டம்."

அக்காவுக்கு உயிருக்கு உயிரான படம் அந்த நாலாவதுதான்.

அன்றைக்குத் தொடங்கியது சண்டை. டீச்சருக்குப் பிடித்தது இரண்டாவது பாகம். ஓநாய்க் கூட்டம் கோட்டையை முற்றுகையிடும் படம். "அதுலதான் வேகம் இருக்கு. ஒரு சீன்ல கூட வண்டி நியூட்ரல்ல நிக்காது" என்றாள். அக்கா, வேகம் மட்டுமே கதையாகிவிடாது என்று ஆரம்பித்தாள். "நாலாவது பாகத்துல அந்தப் படகுக்காரர் இருக்காரே, அவர் ஏன் அவங்களைக் கூட்டிட்டுப் போறாருன்னா..."

"ஊசி போடணும், திரும்பிப் படுங்க" என்று நர்ஸ் உள்ளே வந்தாள்.

திரும்பிப் படுத்தால் முகம் சுவரைப் பார்த்துவிடும். சுவரிடம் வாதாட முடியாது. ஊசி முடிந்து திரும்புவதற்குள் டீச்சர் தூங்கியிருந்தாள்.

இப்படியே நாட்கள் போயின. அக்கா வாயைத் திறந்தால் டாக்டர் வருவார், இல்லையென்றால் தரை துடைக்க ஆள் வரும். யாரும் வராவிட்டால் டீச்சரே குறுக்கே புகுந்தாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் செய்வதை நிறுத்தி நிறுத்தித் திருத்துவதே அவளுக்குப் பிழைப்பு. அக்கா ஒரு வாக்கியத்தை எடுத்துப் பாதி தூரம் போவதற்குள், "நில்லு நில்லு, அங்கேயே தப்பு" என்பாள். தப்பு என்ன என்று கேட்டால், "நீங்க முதல்ல சொல்லி முடிங்க" என்பாள். அக்காவுக்குத் தலையணையைக் கடிக்கலாம் போல இருந்தது.

படங்களைப் பற்றி ஒரே ஒரு முறைதான் ஒத்துப்போனார்கள். ஆறாவது பாகம் குப்பை என்று டீச்சர் சொன்னாள். "அப்பாடா! அதைத்தான் நானும் சொல்றேன்" என்று அக்கா கை தட்டினாள்.

"பின்ன? அந்த அண்ணன்காரன் கடைசியில செத்திருக்க வேணாமா? பிழைக்க வெச்சுக் கெடுத்துட்டாங்க."

"ஐயோ, அவன் பிழைச்சது ஒண்ணுதாங்க அதுல உருப்படி! தங்கச்சியை ராணியாக்கினாங்க பாருங்க, அங்கதான் படமே போச்சு!"

"தங்கச்சி ராணியாகாம வேற யாரு ஆகறது?"

அந்தச் சண்டைதான் எல்லாவற்றிலும் பெரிதாகப் போனது. பக்கத்து அறையிலிருந்து ஒரு பெரியவர் ஆள் அனுப்பி, யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். சாப்பாடு கொண்டுவந்த அக்காவின் கணவன் சமாதானம் செய்யப் பார்த்தான். பம்பு ரிப்பேர் செய்கிறவன், சாதுவானவன். "ரெண்டுமே நல்ல படம்தானே? விடுங்களேன்" என்றான்.

"நீங்க எதையாவது முழுசா பார்த்திருக்கீங்களா?" என்று இரண்டு கட்டிலிலிருந்தும் ஒரே நேரத்தில் கேள்வி வந்தது. அவன் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டான்.

அந்தக் கேள்விதான் அக்காவுக்கு ஒரு வழி காட்டியது. மறுநாள் சும்மா கேட்பது போலக் கேட்டாள். "டீச்சர், படகுக்காரர் ஆத்துல இறங்கறதுக்கு முன்னாடி அந்தத் தங்கச்சிப் பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்வாரே, ஞாபகம் இருக்கா?"

"எங்க இறங்கறாரு? விடிஞ்சு பார்த்தா ஆளைக் காணோம். எங்க போனாருன்னு சொல்லவே மாட்டாங்க. அதுவே ஒரு ஓட்டை."

"நீங்க நாலாவது பாகத்தை எங்க பார்த்தீங்க?"

"டிவியிலதான்."

கண்ணாடிக்கடை அக்கா சிரித்த சிரிப்பில் கட்டுப்போட்ட கால் வலித்தது. டிவியில் விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்று அந்தப் படத்தை அங்கங்கே நறுக்கியிருந்தார்கள். படகு உடைந்து தண்ணீர் ஏறுவதும், பாரம் தாங்காமல் அது மூழ்கப் போவதும், குழந்தைகளைக் காப்பாற்றப் படகுக்காரர் தானாகவே தண்ணீரில் இறங்கிக் கல்லாகிப் போவதும் டிவியில் கிடையாது. அந்த இடத்தில் அக்கா அழாமல் இருந்ததே இல்லை. "படத்தோட உசுரையே பார்க்காமத்தான் இத்தனை நாளா பேசிட்டிருந்தீங்களா!" என்றாள்.

டீச்சர் முதன்முறையாக இறங்கி வந்தாள். "சரி, காட்டுங்க. பார்க்கறேன்" என்றாள்.

கணவனை விரட்டி, வீட்டிலிருந்த டேப்லெட்டில் படத்தை ஏற்றிவரச் சொன்னாள் அக்கா. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை டீச்சரின் வயிற்றின் மேல் தலையணை வைத்து நிறுத்தினார்கள். அக்காவின் கட்டிலிலிருந்து திரை தெரியாது. டீச்சரின் முகம்தான் தெரியும். மூன்று மணி நேரப் படத்தை அக்கா அந்த முகத்தில் பார்த்தாள். சத்தத்தைக் கேட்டாலே எந்தக் காட்சி என்று அவளுக்குத் தெரியும். படகு உடைகிற சத்தம் வந்தது. தண்ணீர் ஏறியது. கதவு திறந்தது.

"காலுக்கு எக்சர்சைஸ் பண்ணலாமா?" என்று பிசியோதெரபிக்காரர் உள்ளே வந்தார்.

"அப்புறம் வாங்க சார்!" என்று அக்கா கத்திய கத்தலில் அவர் நிஜமாகவே திரும்பிப் போய்விட்டார்.

படம் முடிந்தது. டீச்சர் டேப்லெட்டை மெல்ல மூடினாள். அவள் கண் ஈரமாக இருந்தது போலத் தோன்றியது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "இப்ப என்ன சொல்றீங்க?"

"முன்னாடி பாதி மோசம்னு நெனச்சேன். இப்ப முழுசா மோசம்."

"என்ன?"

"பாரம் தாங்கலன்னு அவர் எறங்கினாரு, சரி. அந்தப் படகுல ஒரு இரும்புப் பெட்டி இருக்கே, இத்தாம் பெருசு. பழைய ராஜாவோட கவசம் வெச்ச பெட்டி. மனுஷன் எறங்கறதுக்கு முன்னாடி அதைத் தூக்கி ஆத்துல போட வேண்டியதுதானே? வண்டி ஏறலேன்னா முதல்ல மூட்டையைத்தான் எறக்குவோம், டிரைவரையா எறக்குவோம்?"

"அது... அந்தப் பெட்டி பின்னாடி வேணும்ல?"

"எந்தப் பாகத்துல தெறந்தாங்க?"

அக்கா யோசித்தாள். ஐந்தாவதை யோசித்தாள். ஆறாவதை யோசித்தாள். அந்தப் பெட்டியை யாரும் எங்கும் திறக்கவில்லை. ஐந்தாவது பாகத்தில் அது எங்கே போனது என்றே தெரியவில்லை.

"அது ஒரு அடையாளம்" என்றாள். சொல்லும்போதே குரலில் பிடிமானம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"அடையாளம்னா எடை இல்லாமப் போயிடுமா?" என்றாள் டீச்சர்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அக்கா அவளுடன் சரியாகப் பேசவில்லை. டீயை எடுத்துக் கொடுங்கள், ஃபேனைக் குறையுங்கள் என்று நர்ஸிடம் சொல்வதோடு சரி. மூன்றாம் நாள் அவளை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சக்கர நாற்காலியில் கிளம்பும்போது டீச்சர் தன் டிரைவிங் ஸ்கூல் கார்டை நீட்டினாள். "கால் சரியானதும் வாங்க. ஓட்டக் கத்துத்தரேன்." அக்கா வாங்கிக்கொண்டாள். "எனக்கு வேகம் பிடிக்காது" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு மத்தியானம் நாலாவது பாகத்தைப் போட்டாள். ஆறு அதே ஆறு, மியூசிக் அதே மியூசிக். படகுக்காரர் அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்தார். இந்த இடத்தில் அக்காவுக்குக் கண் நிறைய வேண்டும். கண்ணோ அவர் முகத்தில் நிற்கவில்லை. ஓரத்தில் இருக்கும் பெட்டிக்குப் போனது. எவ்வளவு பெரிய பெட்டி! இத்தனை வருடம் இது எங்கே இருந்தது?

"பெட்டியைத் தூக்கிப் போடுங்கடா!" என்று அவளே திரையைப் பார்த்துக் கத்தினாள்.

பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கணவன் திடுக்கிட்டு எழுந்தான். "எந்தப் பெட்டி?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல, தூங்குங்க." டிவியை அணைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது; படத்துக்காக வந்த அழுகை இல்லை. யாரோ வீட்டுக்குள் புகுந்து ஒரு நல்ல சாமானை உடைத்துவிட்டுப் போனது போல இருந்தது. அப்படிச் செய்தவளைச் சும்மா விடுவதாக அவள் இல்லை.

இரண்டாவது பாகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். நிறுத்தி நிறுத்தி, பின்னால் ஓட்டி, முன்னால் ஓட்டிப் பார்த்தாள். கிடைத்தது. கோட்டை வாசலில் ஓநாய்த் தலைவனுக்கு அம்பு பட்டு இடது கண் போகிறது. கடைசிச் சண்டையில் பார்த்தால் குருடான கண் வலது கண். கண்ணைப் பார்த்தே பிழைக்கிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கார்டைத் தேடி எடுத்து போன் செய்தாள்.

டீச்சர்தான் எடுத்தாள். கால் இன்னும் ஆறாததால் ஸ்கூல் ஆபீஸில் உட்கார்ந்து போன் மட்டும் எடுக்கிறாளாம். குசலம் விசாரிக்கக்கூட அக்காவுக்குப் பொறுமை இல்லை. "உங்க ரெண்டாவது பாகத்துல ஓநாய்க்கு எந்தக் கண்ணு போச்சு?" என்றாள்.

"இடது. கடைசியில வலதா மாறிடும்" என்றாள் டீச்சர்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் தடவையே பார்த்துட்டேன். அது மட்டுமா? கோட்டைக்குள்ள குதிரை எண்ணிக்கை கூடிக்கிட்டே போகும். செத்துப்போன காவல்காரன் ரெண்டு சீன் கழிச்சு கதவைத் தெறப்பான்."

"அப்புறம் எப்படிங்க அது சிறந்த படம்?"

"குறை இருந்தா என்ன? தெரிஞ்சுதான் பிடிச்சிருக்கு."

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நாலாவதையும் அப்படியே விட்டிருக்கலாம்ல? எதுக்கு அந்தப் பெட்டியை எடுத்துக் காட்டினீங்க?"

"நீங்கதானேம்மா அதுல குறையே கிடையாதுன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. பிடிக்கும்னு ஒரு தடவையாவது சொன்னீங்களா? ஒஸ்தி, ஒஸ்தின்னுதானே சொன்னீங்க. இருங்க, இங்க ஒருத்தர் சுவத்துல கொண்டுபோய் முட்டறாரு, அப்புறம் பேசறேன்."

போன் வைக்கப்பட்டது. அக்கா திரும்ப அடித்தாள். பிஸி. மறுபடி அடித்தாள். பிஸி.

கணவன் டீயோடு வந்தான். "என்ன ஆச்சு? யார் ஜெயிச்சா?"

"நாலாவது பாகத்துல தப்பு இருக்கு" என்றாள் அவள், கடித்த பல்லுக்கிடையில். "அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனாலும் எனக்கு அந்தப் படம் பிடிக்கும்."

"இதைச் சொல்லவா ஆஸ்பத்திரியில அத்தனை கூச்சல்?"

அவள் தலையணையைத் தூக்கி அவன் மேல் எறிந்தாள். டீ சிந்தியது. அவன் துடைக்கத் துணி எடுக்கப் போனான். அவள் மறுபடியும் அந்த நம்பரை அடித்தாள். இன்னும் பிஸி.