டிக்கி வழியே வந்த சம்பந்தி

எர்கெபுலான் தராஸ் நகரத்துப் பள்ளியில் பூகோள வாத்தியார். அவர் ஆசை ஆசையாக வாங்கிய குடும்பக் காரை இரண்டே வருஷத்தில் மூன்று தடவை கம்பெனி திரும்பக் கூப்பிட்டுவிட்டது. முதலில் பெட்ரோல் பம்பு, அப்புறம் பிரேக் விளக்கு. மூன்றாவது கடிதம் பின்கதவுப் பூட்டுகளைப் பற்றியது: திடீரென்று இறுகிக்கொள்ளலாம், மாற்றித் தருகிறோம், புதுப் பூட்டு வர இரண்டு மாதமாகும்.

மகளுக்குக் கம்மல் போட்டு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வரும் அன்று காலை மனைவி ஷோல்பான் சொன்னாள்: "டாக்ஸி வச்சுக்குங்க."

"சொந்த வண்டிய வீட்ல நிறுத்திட்டு டாக்ஸியா? என்ன நெனப்பாங்க?"

"உள்ள மாட்டிக்கிட்டா என்ன நெனப்பாங்க?"

எர்கெபுலான் காதில் போட்டுக்கொள்ளாமல் கிளம்பினார்.

சம்பந்தி தெமிர்ஹான் ஓய்வுபெற்ற கர்னல். நூற்றுப் பத்து கிலோ, அதிகம் பேசமாட்டார். மனைவி கூல்சிமோடு பின்சீட்டை நிறைத்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில், வருகிறவர்கள் தலையில் வழக்கப்படி தூவ மிட்டாய்த் தட்டோடு ஷோல்பான் நிற்க, அக்கம்பக்கத்துப் பெண்கள் வரவேற்புப் பாட்டு எடுத்தார்கள். கதவு திறக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கதவும் அசையவில்லை. எர்கெபுலான் வெளியே இருந்து இழுத்தார், கர்னல் உள்ளே இருந்து தள்ளினார். பெண்கள் முதல் அடியையே நான்கு தடவை பாடிவிட்டார்கள்.

ஷோல்பான் ஜன்னல் வழியாகக் குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பால் கிண்ணத்தை நீட்டினாள். "முதல்ல இதக் குடிங்க சம்பந்தி. மரியாதையில குறை இருக்கக் கூடாது."

கர்னல் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டார். "டிக்கி திறக்குமா?"

"திறக்கும். ஆனா நீங்க போயி அதுவழியா..." என்று இழுத்தார் எர்கெபுலான்.

அதற்குள் கர்னலின் கை சீட்டோரத்துப் பட்டையைப் பார்க்காமலே இழுத்துவிட்டது. சீட்டு மடங்கியது. எர்கெபுலான் ஓடிப்போய் டிக்கியைத் திறக்க, கர்னல் அதன் வழியே தவழ்ந்து வெளியே வந்தார். என்ன செய்வதென்று தெரியாத ஷோல்பான் அவர் தலையில் மிட்டாயைக் கொட்டினாள்.

"பழகின கை மாதிரி இருக்கே" என்றார் எர்கெபுலான்.

உள்ளேயிருந்து கூல்சிம் சிரித்தாள். "எங்க வண்டியும் இதேதான் அண்ணே. போன மாசம் ஆஸ்பத்திரி வாசல்ல இப்படித்தான் எறங்கினோம். ரயில்ல வந்தது வேற எதுக்கு?"

"சொல்லாதேன்னு சொன்னேன்ல" என்றார் கர்னல். காது மடல் சிவந்திருந்தது.

சாப்பாட்டின்போது அவராகவே மெல்லக் கேட்டார்: "உங்களுக்கு எத்தனை கடிதம்?"

"மூணு."

"எனக்கு நாலு. கடைசியா ஸ்டியரிங்கு."

"எனக்கு அது வரலியே."

"வரும்" என்றார் கர்னல், ஆறுதலாக.

கம்மல் போட்டாயிற்று. கல்யாணத் தேதியைப் பெண்கள் இருவருமே குறித்தார்கள். ஆண்களுக்கு நேரமில்லை. கம்பெனிக்கு எழுதும் புகாரில் அப்போதுதான் இரண்டாம் பக்கத்தைத் தொட்டிருந்தார்கள்.