பட்டா மாறுதல், தொகுதி இரண்டு

விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்து கற்பூரம் அணைந்ததும், என் மச்சான் காத்தமுத்து கையை நீட்டிப் புத்தக அடுக்கிலிருந்து ஒன்றை உருவினார். அதன் காக்கி அட்டையில் "பட்டா மாறுதல் விதிமுறைகள் - தொகுதி 2" என்று எழுதியிருந்தது. எழுதியவன் நான். உள்ளே பட்டாவும் இல்லை, விதிமுறையும் இல்லை. நான் கையில் சுண்டல் கிண்ணத்தோடு நின்றிருந்தேன்.

எங்கள் வீட்டு வழக்கம் இது. சரஸ்வதி பூஜை அன்று வீட்டிலுள்ள புத்தகங்களையெல்லாம் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. மறுநாள் பூஜை முடிந்ததும் வயதில் பெரியவரிலிருந்து ஆரம்பித்து ஆளுக்கொரு புத்தகம் எடுத்து நாலு வரி வாசிக்க வேண்டும். என் மனைவி பிரேமலதாவின் அண்ணன் திருவெள்ளறையிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பூஜைக்கு ஸ்ரீரங்கம் வந்துவிடுவார். அவர்தான் வீட்டில் மூத்தவர். அவருடைய நிலத்தில் அரை ஏக்கர் இரண்டு வருஷமாகப் பக்கத்துக்காரர் பெயரில் கம்ப்யூட்டரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தாலுகா ஆபீசில் மாப்பிள்ளை இருந்தும் தனக்கு இந்தக் கதியா என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். பட்டா என்ற எழுத்தைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்குமா?

அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தபோது நான் என்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன். உலகத்திலேயே யாரும் சீந்தாத புத்தகம் அதுதான் என்று முடிவு செய்து நாலு புத்தகத்துக்கும் நாலு தொகுதி எண் போட்டு, அலமாரியில் என் ஆபீஸ் காகிதங்களுக்கு நடுவே வைத்திருந்தேன். பிரேமலதா பூஜைக்கு அடுக்கும்போது, சோறு போடுகிற புத்தகங்கள் ஆயிற்றே என்று அவற்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டாள். நான் ஆபீஸ் பூஜை முடித்து வந்து பார்க்கும்போது நாலின் மேலும் குங்குமம் ஏறியிருந்தது. அதற்குமேல் தொட முடியாது. காலையில் மச்சான் கை நீட்டுவதற்குள் நாமே எடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவை படக்கதைப் புத்தகங்கள். இங்கிலீஷ். ஒன்றில் எங்கோ ஒரு கடற்கரை ஊர், ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கும் இரண்டு பையன்கள். ஒருவன் சைக்கிள் கடைக்காரர் மகன், இன்னொருவன் ரொட்டிக்கடைக்காரியின் மகன். ஒருவனை ஒருவன் பார்ப்பார்கள், காது சிவப்பார்கள், இருபது பக்கத்துக்குப் பேசாமல் தவிப்பார்கள், பிறகு மழை பெய்கிற ஒரு சாயங்காலத்தில் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் கதை, மற்ற மூன்றும் ஏறக்குறைய இதே மாதிரிதான். யாரும் சாவதில்லை, யாரையும் அடித்து வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. நாற்பத்தெட்டு வயதில், சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டு வேளையில் ஃபைலுக்குள் வைத்து அதை வாசிப்பேன். என் இங்கிலீஷுக்குப் படம் இருப்பது வசதி. ஆனால் கண் கலங்குவது அந்தப் பையன்கள் கையைப் பிடிக்கிற பக்கத்தில் அல்ல. எல்லாப் புத்தகத்திலும் ஒரு அப்பா வருவார். பையன் திக்கித் திணறி விஷயத்தைச் சொல்வான். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியும்டா" என்பார். அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

எனக்கும் அப்படி ஒருவன் இருந்தான், பெயர் ஜூட். காலேஜில் கூடப் படித்தவன், பாலக்கரைக்காரன். மூன்று வருஷம் அவனுடைய சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஊரெல்லாம் சுற்றினேன். அவன் தோளில் கைவைத்து உட்காரும்போது இருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். ஹாஸ்டல் பையன்கள் ஒருநாள் எங்கள் இருவரையும் பற்றிக் கேட்டபோது, "அவன்தான் அப்படி. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். ஜூட் அந்த வருஷப் பரீட்சை எழுதவில்லை. நான் எழுதினேன், பாஸும் செய்தேன்.

மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுவில் திறந்தார். வண்ணப் படங்கள். ஒரு குடைக்குக் கீழே இரண்டு பையன்கள், முகத்தோடு முகம். அவர் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்திலும் அதே பையன்கள்தான். விதிமுறை எங்கே என்று இன்னும் இரண்டு பக்கம் தேடினார், பாவம். பிறகு இரண்டாவது புத்தகத்தை எடுத்துத் திறந்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"என்ன கருமம் இது? யாரோடது?"

என்னை யாரும் பார்க்கவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த பாக்கியம். மீசை வைத்த, தொப்பை விழுந்த, வெள்ளிக்கிழமை தவறாமல் தாயார் சன்னிதிக்குப் போகிற ஒருத்தனை யார் சந்தேகப்படுவார்கள்? மச்சானும் பிரேமலதாவும் ஒரே நேரத்தில் சுபஸ்ரீயைப் பார்த்தார்கள். என் மகள். இருபத்தொரு வயது. சென்னையில் வேலை கிடைத்து, ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஹாஸ்டலுக்கு முன்பணம் கட்டியாயிற்று. மச்சானை இந்த வேலைக்குச் சம்மதிக்க வைக்கவே பிரேமலதாவுக்கு ஒரு மாதம் ஆனது. எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

சுபஸ்ரீ அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பஸ் ஏறுகிற ஒருவருக்காகக் கதவருகில் ஒதுங்கி நிற்போமே, அப்படி நின்றாள். நான் பேசுவதற்கு அவள் நேரம் கொடுத்தாள், நிறையவே கொடுத்தாள். நான் சுண்டலைப் பார்த்தேன்.

"என்னோடதுதான் மாமா. அப்பா ஆபீஸ் அட்டைய நான்தான் போட்டேன்" என்றாள்.

பிரேமலதா புத்தகத்தை அண்ணன் கையிலிருந்து வாங்கி லேபிளைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு மளிகைச் சீட்டு எழுதித் தருகிற என் கையெழுத்து அது. அந்த 'ட்டா'வை அப்படி வேறு யாரும் சுழிக்க மாட்டார்கள். அவள் நிமிர்ந்து என்னை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, லேபிள் கீழே இருக்கும்படி புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். 

மச்சான்தான் பேசினார். பெண்பிள்ளை இந்த மாதிரி அசிங்கத்தைப் படித்தால் குடும்பம் என்னாகும் என்றார். சாமி முன்னால் கொண்டுவந்து வைக்கிற அளவுக்குத் துணிச்சலா என்றார். கடைசியில் தீர்ப்பும் சொன்னார்.

"சென்னையும் வேணாம், ஹாஸ்டலும் வேணாம். தையில ஒரு நல்ல எடமாப் பாத்து முடிச்சிருவோம். நீ என்ன சொல்ற லதா?"

"நீங்க சொன்னா சரிண்ணே" என்றாள் பிரேமலதா.

"நீங்க என்ன சொல்றீங்க மாப்ள?"

"யோசிப்போம் மச்சான்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு யோசனை வேறு.

சுபஸ்ரீ உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, குடிக்கத் தண்ணீர் எடுக்கிற சாக்கில் நானும் அவள் அறைக்குப் போனேன். சென்னைக்கு எடுத்துப்போக வாங்கிய புதுப் போர்வையை உறையைவிட்டு எடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல், எவனும் கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"நீங்க சொல்லுவீங்கன்னுதாம்ப்பா பாத்தேன்."

கதவுக்கு வெளியே மச்சான் செருமுகிற சத்தம் கேட்டது. நான் குரலைத் தாழ்த்தினேன். இந்த நிலைமையிலும் தாழ்த்தத்தான் தோன்றியது.

"உனக்கு எப்படித் தெரியும், என்னோடதுன்னு?"

"ரெண்டு வருஷமாத் தெரியும். நீங்க ஆபீஸ் போனப்பறம் எடுத்துப் படிப்பேன். படிச்சிட்டு அதே எடத்துல வச்சிடுவேன்." போர்வை உறையின் ஜிப்பை இழுத்தாள், மூடினாள். "எல்லாம் நல்லாதாம்ப்பா இருக்கு. ஆனா பசங்க கதையாவே வாங்கிருக்கீங்க. பொண்ணுங்க கதை ஒண்ணுகூட வாங்கலையே."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். காது மடல் சிவந்திருந்தது. அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குப் புரிந்தது. புரியாமல் போகுமா? ஐம்பது தடவை பார்த்த பக்கம் அது. அந்த அப்பா கட்டில் ஓரத்தில் எப்படி உட்காருவார், எந்தக் கையை எங்கே வைப்பார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். அந்த நடையை எப்படி நடந்தேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. இப்படி ஒரு அப்பனுக்கு எந்தப் புத்தகத்தில் இடம் இருக்கிறது?

வெளியே மச்சான் நாலு புத்தகத்தையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். அவருக்கு ஒரு தர்மசங்கடம். கிழித்துப் போடலாம் என்றால் குங்குமம் வைத்தாயிற்று. கொளுத்தலாம் என்றால் சரஸ்வதியைக் கொளுத்தின மாதிரி ஆகும். பூஜையில் வைத்ததை ஆற்றில்தான் விட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். எப்படியும் நான் அவரை டோல்கேட்டில் பஸ் ஏற்றிவிட வேண்டும், வழியில் கொள்ளிடம். சாப்பாடு முடிந்ததும் பையை மடியில் வைத்துக்கொண்டு என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினார். வழியெல்லாம் சமயபுரத்தில் ஒரு பையன் இருக்கிறான், லேத் பட்டறை சொந்தமாக வைத்திருக்கிறான், குடிப்பழக்கம் கிடையாது என்று காதருகில் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் போர்வையின் ஜிப் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

பாலத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னார். ஆற்றில் இரண்டு கரையையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பையை என்னிடம் நீட்டினார்.

"என் கையால விட மாட்டேன் மாப்ள. பாவம் வேற வந்து சேரும். நீங்களே விடுங்க."

வாங்கினேன். நாலு புத்தகத்தின் கனம். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினேன். விட்டிருந்தால் முடிந்திருக்கும். தண்ணீர் சத்தத்தில் அது விழுகிற சத்தம்கூடக் கேட்டிருக்காது.

"மச்சான், இது பாப்பாவோடது இல்ல" என்றேன்.

"பின்ன?"

"என்னோடது. நான்தான் வாங்கினேன். நான்தான் படிக்கிறேன்."

ஒரு மணல் லாரி எங்களைக் கடந்து போனது.  சிரிப்பார் என்று நினைத்தேன், அடிப்பார் என்றும் நினைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நெருங்கி வந்தார். குரலில் கோபமே இல்லை. அரை ஏக்கரைப் பற்றிப் பேசும்போது வருமே, அந்தக் கணக்கான குரல்.

"இத நான் கேக்கல. நீங்களும் சொல்லல. பொண்ணோடதாவே இருந்துட்டுப் போகட்டும். பொண்ணுன்னா ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா சரியாப் போயிடும். உங்கள நாங்க என்ன மாப்ள பண்றது?"

எனக்கு அழுகை வந்தது. வெட்கம்தான். இருபத்திரண்டு வருஷமாக இவருடைய தங்கச்சியோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். இன்று காலையில் இதே கணக்கைத்தான் நானும் வாய் திறக்காமல் போட்டேன். அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

"வீட்டுக்குப் போயி லதாகிட்ட சொல்லப் போறேன் மச்சான். பாப்பா ஒண்ணாந்தேதி சென்னைக்குப் போகும்."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு? குடுங்க இப்படி."

பாவத்தையெல்லாம் மறந்துவிட்டு அவர் பையின் ஒரு காதைப் பிடித்தார். இன்னொரு காது என் கையில் இருந்தது. அவர் ஆற்றுப் பக்கம் இழுத்தார், நான் ரோட்டுப் பக்கம் இழுத்தேன். பின்னால் வந்த துறையூர் பஸ் ஹார்ன் அடித்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "பெருசு, ஓரமா நின்னு சண்ட போடுங்க" என்று கத்திவிட்டுப் போனார். மச்சானுக்குக் கண்ணாடி மூக்கில் இறங்கியிருந்தது, எனக்கு மூச்சு வாங்கியது. மஞ்சள் பை கைப்பிடிச் சுவரின் மேல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் விடவில்லை.