புவோக்குக்காகப் பலி கொடுத்த மாடு

நாலாவது முறையும் புவோக் தானாகவே திரும்பி வந்து முகாம் வாசலில் நின்றான். கட்டிக்கொண்டு போங்கள் என்பதுபோல இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றவனைப் பார்த்ததும் கேப்டன் பியெலுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

ஓடிப்போகிற சிப்பாய்கள் பியெலுக்குப் புதிதில்லை. சோபாத் ஆற்றங்கரை முகாமில் மழை விழுந்தால் விதைக்க ஓடுவார்கள், மாடு காணாமல் போனால் தேட ஓடுவார்கள், சம்பளம் வராத கடுப்பில் சும்மாவே ஓடுவார்கள். ஓடுகிறவன் துப்பாக்கியோடு ஓடுவான், திரும்ப மாட்டான். அதுவாவது ஒரு கணக்கில் சேரும். இவன் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு, துணி சுற்றி, சார்ஜென்ட் கட்வெச்சின் கட்டிலோரம் சாத்திவிட்டு வெறுங்கையோடு போகிறான். சில நாள் கழித்து, விந்தும் காலை இழுத்துக்கொண்டு திரும்பி வருகிறான். இப்படி ஒரு பிறவியை என்ன செய்வது?

செய்யாதது ஒன்றுமில்லை. ஆற்றிலிருந்து தண்ணீர் டிரம் சுமக்க வைத்தாயிற்று. முள்வேலிக்குள் வெயிலில் நிற்க வைத்தாயிற்று. கட்வெச் கை வலிக்க அடித்தும் பார்த்துவிட்டான். சம்பளத்தை வெட்டலாம் என்றால், வராத சம்பளத்தை எங்கே வெட்டுவது? இதற்கிடையே மேலிடத்திலிருந்து ரேடியோவில் உத்தரவு வந்திருந்தது. திரும்பத் திரும்ப ஓடுகிறவர்களை இனி நகரத்துக்கு அனுப்ப வேண்டும். நகரத்துக்கு அனுப்பப்பட்ட எவனும் உயிரோடு திரும்பியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. இந்த முறை மறைத்துவிடலாம். இன்னொரு முறை ஓடினால் பியெலாலும் காப்பாற்ற முடியாது.

புளியமரத்தடியில் அவனை உட்கார வைத்து, பியெல் எதிரே உட்கார்ந்தான். கட்வெச் பக்கத்தில் களித்தட்டோடு இருந்தான்.

"ஏன்டா, ஓடுறவன் அப்படியே ஓடித் தொலைய வேண்டியதுதானே? எதுக்குத் திரும்பி வந்து என் உயிர வாங்குற?"

"போக இடமில்லீங்க ஐயா."

"அப்ப எங்கடா போயிட்டு வர்ற?"

"வீட்டுக்கு."

கட்வெச் வாயில் களியோடு சிரித்தான். "கேட்டுக்குங்க. வீடு இருக்காம், போக இடமில்லையாம்."

புவோக் தரையைப் பார்த்தபடி சொன்னான். "வீட்ல நான் செத்துட்டேங்க."

ஆற்றின் மேற்குக் கரையில் நடந்த சண்டையில் அவன் காலில் குண்டு பாய்ந்து விழுந்தான். விழுந்ததைப் பார்த்த ஊர்க்காரன் ஒருவன் தப்பி ஓடி, புவோக் செத்துவிட்டான் என்று வீட்டில் சொல்லிவிட்டான். புவோக்கை யாரோ படகில் தூக்கிப் போட்டு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கால் ஆறி எழுந்து நடக்க ஒரு மழைக்காலமும் வெயில்காலமும் போய்விட்டது. அதற்குள் வீட்டில் அழுது ஓய்ந்து, மொட்டை போட்டு, அவன் பங்காக ஒரு மாட்டையும் பலி கொடுத்து, செத்தவனுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். புவோக் வீட்டு வாசலில் போய் நின்றபோது அவனை யாரும் 'வா' என்று சொல்லவில்லை. விரட்டவும் இல்லை. அவனைச் சுற்றி நடந்து போனார்கள். அதற்குப் பிறகுதான் இந்த முகாமில் வந்து சேர்ந்தான்.

பியெல் நகரத்தில் வளர்ந்தவன். மாட்டோடு உயிரை அனுப்பிய பிறகு ஆள் வந்து நின்றால் அது வெறும் உடம்பு என்று தன் ஜனங்கள் சொல்வதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறான். கதை என்றே நினைத்திருந்தான். அது வெறும் கதையில்லை என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருந்தது. கட்வெச் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு ஓர் ஆள் தூரம் தள்ளி உட்கார்ந்திருந்தான்.

"வாயத் திறந்து என்கிட்டச் சொல்றதுக்கென்ன? லீவு கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா எதுக்குன்னு கேப்பீங்க. இங்கயும் தெரிஞ்சா, இங்கயும் செத்தவனாயிருவேங்க. இங்க வந்தா அடிக்கிறாங்க, திட்டுறாங்க. அதுவாவது இருக்குல்ல."

பியெல் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தான். "சரி, போய்ப் போய் அங்க என்னதான்டா கேக்குற?"

"நியாபுவோல்னு ஒரு பொண்ணுங்க எனக்கு. நான் போறப்ப மடியில கெடக்குற குழந்த. இப்ப கன்னுக்குட்டி மேய்க்குது. அது ஒரு தடவ 'அப்பா'ன்னு கூப்பிட்டாப் போதும். நான் உயிரோடதான் இருக்கேன்னு எனக்கே தெரிஞ்சிரும். அப்புறம் சத்தியமா ஓட மாட்டேன்."

"செத்தவனாம், செத்தவன். எழுந்திரிடா. நாளைக்கு நானும் வர்றேன். யார் இல்லேன்னு சொல்றான்னு பாத்துடறேன்." பியெல் திரும்பி, கட்வெச்சைப் பார்த்தான். "இது வெளிய போச்சுன்னா உன் தோல உரிச்சிருவேன்."

கட்வெச் தலையாட்டினான். ஆனால் அன்று சாயங்காலம் அவன் புவோக்கை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

மறுநாள் இருவரும் புல்வெளியில் நடந்தே போனார்கள். புவோக்கின் பெரியப்பா கோவாங்தான் அந்த வீட்டுக்குத் தலைவர். சீருடையோடு வந்த கேப்டனை அவர் எழுந்து வந்து வரவேற்றார், மாட்டுத்தோல் விரித்து உட்கார வைத்தார், சோளத்தில் காய்ச்சிய பீர் கொண்டுவரச் சொன்னார். பயணம் எப்படி, ஆற்றில் தண்ணீர் எப்படி, மாடுகளுக்கு நோய் உண்டா என்று ஒன்றுவிடாமல் விசாரித்தார். பக்கத்தில் நின்ற புவோக்கை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புவோக் பழகியவன்போல நகர்ந்து போய், மாட்டுக்கொட்டிலுக்கு முன்னால் முன்னோர்களுக்காக நட்டிருந்த கம்பத்தடியில் உட்கார்ந்துகொண்டான். அவன் மனைவி நியாமுச் குடிசை வாசலில் கைக்குழந்தையோடு நின்றாள். அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது பியெலுக்குத் தெரிந்தது.

"பெரியவரே, ஆள் இதோ உக்காந்திருக்கான். தொட்டுப் பாருங்க" என்றான் பியெல்.

"தெரியுது தம்பி. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"உடம்பு உக்காந்திருக்கு. புவோக் அந்த மாட்டோட போயிட்டான். 'உன் பங்கக் குடுத்துட்டோம், இனி எங்களத் திரும்பிப் பாக்காத'ன்னு இந்த வாயாலதான் சொல்லி அனுப்புனேன்."

"வந்த சேதியே பொய். சடங்கும் பொய்தானே?"

"சேதி பொய்யா இருக்கலாம். மாடு நெசமாத்தானே செத்துச்சு?"

பியெல் பீரை ஒரு மடக்குக் குடித்துக் கோபத்தை விழுங்கினான். "சரி. இன்னொரு மாடு குடுத்து அவனைத் திரும்பக் கூப்பிடுங்க. மாடு நான் வாங்கித் தர்றேன்."

கோவாங் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "என் தம்பி செத்தப்புறம் இவன நான் தோள்ல தூக்கி வளத்தேன். எனக்கு ஆசை இல்லேன்னா நினைக்கிறீங்க? அனுப்பத்தான் எங்களுக்கு வார்த்த இருக்கு. கூப்பிட வார்த்த இல்ல. இல்லாதத நான் சொல்லப் போயி, வேற எவனாவது இவன் உடம்புக்குள்ள வந்து நின்னா யார் பதில் சொல்றது?"

"நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன், இவன் உயிரோட இருக்கான்னு. அரசாங்கமே சொல்லுது."

"அரசாங்கம் உயிரோட இருக்கான்னு சொன்ன பிள்ளைங்கள நிறையப் பாத்துட்டோம் தம்பி. ஒருத்தனும் வீடு திரும்பல."

பியெல் கோபத்தை ஓரமாக நின்றிருந்த புவோக்கின் தம்பி லாமின் மேல் காட்டினான். "அந்தக் கைக்குழந்தை யாருது?"

"அண்ணனோடதுங்க."

"பெத்தது?"

"பெத்தது நான். பிள்ளை அண்ணனுக்குத்தான். அண்ணன் பேர் நிக்கணும்னு பெரியப்பா சொன்னாங்க, செஞ்சேன்." லாம் தலையைத் தூக்கவில்லை. "நான் அண்ணன் பக்கத்துல போக மாட்டேங்க ஐயா. பயத்துல இல்ல. அழுதுருவேன்."

தன் பெயரைச் சொல்ல ஒரு பிள்ளை பிறந்திருப்பதைக் கம்பத்தடியில் இருந்து புவோக் கேட்டுக்கொண்டிருந்தான். இங்கே அவனுக்கு எல்லாம் முறைப்படிதான் நடந்திருந்தது. மனைவியைக் காப்பாற்றுகிறார்கள், மகளை வளர்க்கிறார்கள், மகனைப் பெற்றுக் கொடுத்திருக்கிறார்கள். அவன் இருப்பது ஒன்றுதான் இடைஞ்சலாக இருந்தது. இந்தப் பாவத்தை யார் தலையில் கட்டுவது என்று பியெலுக்குத் தெரியவில்லை.

அப்போது மாடுகள் திரும்பின. நியாமுச் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே ஒரு பசுவைக் கறந்தாள். பாலைச் சுரைக்குடுவையில் ஊற்றி மகளிடம் கொடுத்து, காதில் ஏதோ சொன்னாள். நியாபுவோல் குடுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், கம்பத்தை நோக்கி மெல்ல நடந்து வந்தாள். புவோக் நிமிர்ந்து உட்கார்ந்தான். இதுவரை எந்த முறையும் அவளை இவ்வளவு கிட்டே விட்டதில்லை.

கையெட்டும் தூரத்தில் குடுவையை வைத்துவிட்டு, சொல்லிக்கொடுத்தபடி முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"அப்பா."

அந்த ஒரு சொல்லில் புவோக்கின் முகம் மலர்ந்தது. பியெல் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டான். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தான்.

"பால் கொண்டாந்திருக்கேன் அப்பா. உங்களுக்கு மாடும் குடுத்தாச்சு. குடிச்சிட்டுப் போயிருங்க. நீங்க வந்துட்டுப் போறப்பல்லாம் தம்பிக்குக் காய்ச்சல் வருது. இனிமே வராதீங்க."

செத்தவர்களிடம் பேசும் பேச்சு அது. பிசகில்லாமல் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். போகாமல், மெதுவாகத் திரும்பி அவனையே பார்த்தாள். அவன் நீட்டி வைத்திருந்த கோணல் காலைப் பார்த்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றைக் கேட்டாள்.

"காலு வலிக்குதா?"

"நியாபுவோல், இங்க வா" என்று கோவாங் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. இடுப்பில் குழந்தையை இறுக்கிக்கொண்டு நியாமுச் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. வலிக்குது கண்ணு என்று சொன்னால் போதும். உலகத்திலேயே அந்தச் சின்னப்பெண் ஒருத்தி அவனை ஆளென்று நம்பியிருப்பாள், வீட்டோடு சண்டை பிடித்திருப்பாள், அடுத்த காய்ச்சலுக்கு எல்லோரும் அவளையே குற்றம் சொல்லியிருப்பார்கள். சொல்லுடா, சொல்லு என்று பியெலின் மனம் அடித்துக்கொண்டது.

"இல்ல கண்ணு" என்றான் புவோக். "செத்தவங்களுக்கு வலிக்காது. தம்பிகிட்டப் போ."

அவள் ஓடிவிட்டாள். அவன் பாலைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, குடுவையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான். "போலாம் ஐயா" என்றான். வழியில் பியெல்தான் அழுதான். புவோக் அவனுக்காக அங்கங்கே நின்று நின்று நடந்தான்.

அதற்குப் பிறகு புவோக் ஓடவில்லை. மேலிடத்துக்கு எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. விசில் ஊதினால் முதல் ஆளாக வந்து நின்றான், சொன்னதைச் செய்தான், கொடுத்ததைச் சாப்பிட்டான். மற்ற முகாம் கேப்டன்கள் என்ன மருந்து கொடுத்தாய் என்று பியெலைக் கேட்டார்கள். அவனோ ஒவ்வொரு நாள் காலையிலும் வரிசையைப் பார்க்க வரும்போது, இந்தப் பாவி இன்றைக்காவது ஓடிப்போயிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே வந்தான்.